ட்ரெய்லர் ட்ரக் மடங்கி மோதினால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெடுஞ்சாலையில் நமக்குப் பக்கத்தில் ஓடும் 53 அடி ட்ரெய்லர் ட்ரக் உண்மையில் ஒரே வண்டி அல்ல. எஞ்சினும் டிரைவர் கேபினும் உள்ள முன்வண்டி ஒன்று, சரக்குப் பெட்டி ஒன்று. அமெரிக்கர்கள் முன்வண்டியை டிராக்டர் என்பார்கள்; நமக்கு அந்தச் சொல் வயலைத்தான் நினைவுபடுத்தும் என்பதால் இங்கே முன்வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அதன் முதுகில் கிரீஸ் பூசிய தட்டு ஒன்று இருக்கும். ட்ரெய்லரின் அடியிலிருந்து நீளும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை அந்தத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். முழுச் சரக்குடன் 80,000 பவுண்டு வரை போகும் மொத்த எடையும் அந்த ஒரு முளையைச் சுற்றித்தான் திரும்புகிறது. பேனாக்கத்தி மடங்குவதுபோல அந்த மூட்டில் வண்டி மடங்கிக்கொள்வதைத்தான் ஜாக்நைஃப் என்கிறார்கள்.

இப்படிப்பட்ட விபத்தில் சிக்கியவருக்கு உடல்நலத்துக்கு அடுத்தபடியாக முக்கியமான கேள்வி, வண்டி ஏன் மடங்கியது என்பது. இழப்பீடு யாரிடமிருந்து, எவ்வளவு வரும் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய பதிவுகள் சில நாள்களிலிருந்து 6 மாதத்துக்குள் சட்டப்படியே அழிந்துபோகலாம்.

முதலில், வண்டி ஏன் மடங்குகிறது

சக்கரம் உருளும்வரைதான் அது போகும் திசை டிரைவர் கையில் இருக்கும். பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் திசை கைவிட்டுப் போய்விடும். முன்வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், பின்னாலிருக்கும் ட்ரெய்லரின் எடை முன்வண்டியைத் தள்ளித் திருப்பிவிடும். ஓரிரு நொடிகளில் கேபின் ட்ரெய்லரின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் அசல் ஜாக்நைஃப். ட்ரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் கதை வேறு. கேபின் நேராகப் போகும், பெட்டி மட்டும் கதவு திறப்பதுபோல அடுத்த லேன்களுக்குள் வீசும். பக்கத்து லேனில் காரில் போகிறவருக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிகக் கெடுதல்.

காலி ட்ரெய்லர் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பிரேக்குகள் முழு எடைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. பெட்டி காலியாக இருந்தால் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறைவு, அதே அழுத்தத்தில் சட்டென்று பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையிலோ பனியிலோ எஞ்சின் பிரேக்கைப் போட்டு வைத்திருப்பது இன்னொரு காரணம், ஏனென்றால் அது முன்வண்டியின் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பிரேக் மிதிப்பது, சமமாக வேலை செய்யாத பிரேக்குகள், தேய்ந்த டயர், ஒருபக்கமாக நகர்ந்துவிட்ட சரக்கு ஆகியவையும் காரணமாகலாம்.

1997 மார்ச் 1 முதல் தயாரான முன்வண்டிகளிலும், 1998 மார்ச் 1 முதல் தயாரான ட்ரெய்லர்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. அது இருந்தும் வண்டி மடங்கியிருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லையா, அல்லது சாலைக்குத் தகாத வேகமா என்று கேட்டாக வேண்டும். ட்ரெய்லரின் இடதுபக்கப் பின்பகுதியில் சின்ன மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. ஓடும்போது அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் ட்ரெய்லரின் ஏபிஎஸ் பழுது என்று பொருள். மடங்கிய பிறகு அந்த விளக்கால் பயனில்லை. ஆனால் பின்னால் வந்த யாருடைய டேஷ்கேமிலாவது விபத்துக்கு முந்தைய நிமிடங்களில் அது எரிந்துகொண்டிருந்தது பதிவாகியிருந்தால், பல மாத வாதத்தை அந்த வீடியோ ஒன்றே முடித்துவிடும்.

படி 1: விபத்து நடந்த இடத்தில்

கார் ஓடும் நிலையில் இருந்தால் ஓரத்துக்குக் கொண்டுபோய் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். நடு லேனில் நின்றுபோனால் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். மடங்கிய ட்ரக் எல்லா லேன்களையும் அடைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வருகிறவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுவார்கள், பனிமூட்டத்தில் சொல்லவே வேண்டாம். 55 மைல் வேகத்தில் வரும் கனரக வண்டி, டிரைவர் ஆபத்தைப் பார்த்த கணத்திலிருந்து நிற்பதற்கு, காய்ந்த சாலையிலேயே சுமார் 419 அடி ஆகும் என்பது வணிக ஓட்டுநர் கையேட்டுக் கணக்கு. புகை, தீ, பெட்ரோல் வாசனை இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கி, தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடுங்கள்.

911-ஐ அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது சாலை எண், திசை, கடைசியாகப் பார்த்த மைல் பலகை அல்லது எக்ஸிட் எண். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி பல இடங்களில் உண்டு.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போலீஸோ ஆம்புலன்ஸ் ஊழியரோ "ஆர் யூ ஓகே?" என்று கேட்டால் "ஐ ஆம் ஓகே, ஐ ஆம் ஃபைன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அது அப்படியே அறிக்கையில் "காயம் இல்லை" என்று ஏறிவிடும். ஒரு வருடம் கழித்து கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். "எனக்கு இன்னும் தெரியவில்லை, மருத்துவர் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்கூட. மரியாதைக்காக "சாரி" சொல்வதையும் அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

உடம்பு இடம் கொடுத்தால் படம் எடுங்கள், முடியாவிட்டால் உடன் இருப்பவரிடம் சொல்லுங்கள். காரின் நசுங்கலை எல்லோரும் எடுத்துவிடுவார்கள், ட்ரக்கை எடுக்க மறந்துவிடுவார்கள். கேபின் கதவில் நிறுவனத்தின் பெயரும், மத்தியப் போக்குவரத்துத் துறையில் அதன் பதிவு எண்ணான யுஎஸ்டாட் எண்ணும் எழுதியிருக்கும். அந்த எண்ணை மத்திய அரசின் சேஃபர் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் முகவரி, சோதனைகளில் வண்டிகள் நிறுத்தி வைக்கப்பட்ட விகிதம், பதிவான விபத்துகள் எல்லாம் இலவசமாகத் தெரியும். முன்வண்டிக்கு ஒரு நம்பர் பிளேட், ட்ரெய்லருக்கு வேறொன்று. இரண்டையும் எடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். பிறகு டயர் தடங்கள், ட்ரெய்லர் டயர்களில் ஒரே இடத்தில் தேய்ந்த தட்டைப் பகுதி, சாலையின் ஈரம் அல்லது பனி, சிதறிய சரக்கு. நிறுத்திய வண்டிக்குப் பின்னால் டிரைவர் 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணங்களை வைத்தாரா என்றும் பாருங்கள். பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலையில் வண்டிகள் வரும் திசை நோக்கி 10, 100, 200 அடிகளில் மூன்று வைக்க வேண்டும். இரண்டாவது மோதல் நடந்திருந்தால் இந்தக் கேள்வி பெரிதாகும்.

சாட்சிகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கேயே கிடைத்தால்தான் உண்டு. போலீஸ் அறிக்கையின் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: மருத்துவமனை

அன்றைக்கே போங்கள். காப்பீடு இல்லை, விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பா என்றெல்லாம் தயங்க வேண்டாம். 1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்ந்துள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு பணம், காப்பீடு, குடியேற்ற நிலை எதையும் காரணம் காட்டாமல் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் உடலை நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பிறகு வரும், அது வேறு விஷயம். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். "தலை சுத்துது" என்று அம்மா சொன்னதை "கொஞ்சம் டயர்டாக இருக்கிறார்" என்று மகன் சொல்லிவிட்டால் மருத்துவக் குறிப்பில் அதுதான் நிற்கும்.

காயங்களின் வகை, கார் எங்கே மாட்டியது என்பதைப் பொறுத்தது. மிக மோசமானது, கார் ட்ரெய்லரின் பக்கவாட்டுக்கு அடியில் நுழைந்துவிடுவது. பம்பர், ஏர்பேக் எல்லாம் பெட்டியின் அடியைத் தாண்டிப் போய்விடும். பெட்டியின் விளிம்பு கண்ணாடி உயரத்தில் மோதும். தலையும் கழுத்தும்தான் முதலில் அடிபடும். ட்ரெய்லரின் பின்புறம் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று மத்திய விதி உண்டு. பக்கவாட்டுக்கு அப்படி ஒரு மத்தியக் கட்டாயம் இல்லை.

வீசிய பெட்டி காரைத் தடுப்புச் சுவரோடு சேர்த்து நசுக்கினால் இடுப்பெலும்பு, கால், விலா. நசுங்கிய காலில் சில மணி நேரத்தில் தசைக்குள் அழுத்தம் ஏறும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, விரலை அசைத்தாலே துடிப்பது, மரத்துப்போவது ஆகியவை அதன் அடையாளம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலே பறிபோகலாம்.

மூளை அதிர்ச்சியில் சிடி ஸ்கேன் சுத்தமாக வருவது சகஜம். அதனால் ஒன்றுமில்லை என்றாகிவிடாது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, சொல் நாக்கில் வராமல் தடுமாறுவது, எரிச்சல், தூக்கம் கெடுவது ஆகியவை ஓரிரு நாள் கழித்துத் தெரியவரலாம். வீட்டில் இருப்பவர்கள்தான் இதை முதலில் கவனிப்பார்கள். வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்குத் திரும்புங்கள். வயிற்றில் சீட் பெல்ட் தடம் கன்றிப்போய் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள், படமும் எடுங்கள். குடல், மண்ணீரல் காயங்கள் அதற்கடியில் மறைந்திருக்கும்.

தினமும் நான்கு வரி எழுதி வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். எங்கே வலி, எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. பிசியோதெரபி அப்பாயின்ட்மென்ட்டுகளைத் தவறவிடாதீர்கள். இரண்டு மாத இடைவெளி விழுந்தால் "அப்போதே சரியாகிவிட்டது" என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லும்.

படி 3: பதிவுகள் அழியும் முன் கடிதம்

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். டிரைவரின் ஓட்டுநேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியின் பதிவுகளை நிறுவனம் 6 மாதம்தான் வைத்திருக்க வேண்டும். வண்டியில் கண்ட பழுதை டிரைவர் எழுதிக்கொடுக்கும் அன்றாட அறிக்கைக்கு 3 மாதம். கேபினில் உள்ள கேமரா வீடியோவின்மேல் சில நாள்களிலேயே புதிய பதிவு ஏறிவிடலாம். எஞ்சினின் கணினி திடீர் பிரேக்குக்கு முந்தைய நொடிகளின் வேகம், பிரேக் மிதித்த நேரம் போன்றவற்றைச் சேமித்து வைக்கும். ஆனால் சில எஞ்சின்களில் வண்டியைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினாலே அது மாறிவிடும்.

ஆகவே இவற்றை அழிக்காதே, வண்டியைப் பழுதுபார்க்காதே, விற்காதே என்று உங்கள் வழக்கறிஞர் ட்ரக் நிறுவனத்துக்கும் அதன் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு பாதுகாப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். விபத்து நடந்த வாரத்திலேயே போய்ச் சேர்வது நல்லது. கடிதம் கிடைத்த பிறகும் அழித்தால் நீதிமன்றம் அதை அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். "எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாக எழுதினால் போதாது. எஞ்சின் கணினி, ஏபிஎஸ் கருவி, ஓட்டுநேரப் பதிவு, கேமரா, நிறுவனத்துக்கும் டிரைவருக்கும் போன செய்திகள், பராமரிப்புக் கோப்பு, சரக்குச் சீட்டு, டிரைவரின் தகுதிக் கோப்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தாலோ, டிரைவருக்கு அபராதச் சீட்டு கொடுக்கப்பட்டு, அதோடு யாரையாவது மருத்துவமனைக்கு அனுப்பவோ வண்டியை இழுத்துச் செல்லவோ வேண்டியிருந்தாலோ, டிரைவருக்கு மதுச் சோதனை 8 மணி நேரத்துக்குள்ளும் போதைப்பொருள் சோதனை 32 மணி நேரத்துக்குள்ளும் நடந்திருக்க வேண்டும். அதன் முடிவையும் கேளுங்கள். சோதனையே நடத்தவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பிரேக்கை நிபுணர் ஒருவர் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ட்ரெய்லர்களில் உள்ள 30-ஆம் வகை சாதாரண ஏர் சேம்பரின் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் குடுவை) தள்ளுதண்டு, பிரேக் போடும்போது 2 அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் பிரேக் சரிசெய்யப்படவில்லை என்று பொருள். ஒரு சக்கரம் இறுகப் பிடித்து இன்னொன்று பிடிக்காவிட்டால் வண்டி கோணத் தொடங்க அதுவே போதும்.

உங்கள் காரையும் விட்டுவிடாதீர்கள். சேமிப்புக் கட்டணம் ஏறுகிறது என்று உங்கள் காப்பீட்டு நிறுவனம் அதைக் காயலாங்கடைக்கு அனுப்பப் பார்க்கும். அதற்குள் ஏர்பேக் கணினியில் உள்ள பதிவை எடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: யார் பொறுப்பு

"பனி பெய்தது, நான் என்ன செய்ய?" என்பதுதான் ட்ரக் தரப்பின் முதல் வாதமாக இருக்கும். மத்திய விதி 392.14 அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பனி, மழை, மூடுபனி, புகை போன்றவை பார்வையையோ பிடிப்பையோ குறைத்தால் டிரைவர் மிகுந்த எச்சரிக்கையோடு வேகத்தைக் குறைக்க வேண்டும். நிலைமை மிக மோசமானால் ஓட்டுவதையே நிறுத்த வேண்டும். ஈரச் சாலையில் வேகத்தை மூன்றில் ஒரு பங்கும், இறுகிய பனியில் பாதியோ அதற்கு மேலோ குறைக்கச் சொல்கிறது வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான கையேடு. அப்படியானால் 65 மைல் சாலையில் மழை பெய்யும்போது சுமார் 43. எஞ்சின் கணினி 62 என்று காட்டினால் வானிலையைக் குறைசொல்வது எடுபடாது.

இரண்டாவது வாதம், யாரோ குறுக்கே புகுந்தார் என்பது. இது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். அந்தக் காரை அடையாளம் காண முடியாவிட்டால் உங்கள் சொந்தக் காப்பீட்டில் உள்ள 'காப்பீடில்லா ஓட்டுநர்' பகுதி கைகொடுக்கலாம்.

டிரைவர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த நிறுவனம் பொறுப்பு. "அவர் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்" என்று தட்டிக்கழிப்பது வழக்கம்தான். ஆனால் நிறுவனத்தின் யுஎஸ்டாட் எண்ணின்கீழ் குத்தகைக்கு ஓடும் வண்டி என்றால் மத்திய விதிகள் அந்தச் சாக்கைப் பெரிதும் பலவீனப்படுத்துகின்றன. இதற்கு அப்பால், சரக்கைச் சரியாகக் கட்டாமல் ஏற்றியவர், பிரேக் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், ட்ரெய்லரின் சொந்தக்காரர், பழுதான பாகத்தைத் தயாரித்தவர் ஆகியோரும் வரிசையில் உண்டு. தண்ணீர் தேங்கும் சாலை என்றால் அரசுத் துறையும் வரலாம்.

இத்தனை பேரைத் தேடுவது பேராசை அல்ல. மாநிலம் விட்டு மாநிலம் பொதுச் சரக்கு ஏற்றும் கனரக ட்ரக்குக்கு மத்திய சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு 7,50,000 டாலர். எண்ணெய் போன்ற சிலவற்றுக்கு 10 லட்சம், மிக ஆபத்தான சரக்குக்கு 50 லட்சம் டாலர். ஒரு முதுகெலும்புக் காயத்துக்கே 7,50,000 போதாமல் போகலாம். பன்னிரண்டு கார்கள் மோதிய விபத்தில் அந்தத் தொகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள நேரிடும்.

உங்கள் பக்கமும் தவறு இருந்தால் மாநிலத்துக்கு மாநிலம் விளைவு மாறும். கலிபோர்னியா, நியூயார்க்கில் உங்கள் தவறின் சதவீதம் கழிக்கப்படும். டெக்ஸாஸில் 50 சதவீதத்துக்கு மேல் உங்கள் தவறு என்றால் ஒன்றும் கிடைக்காது. அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியாவில் பொதுவாக ஒரு சதவீதத் தவறே வழக்கைச் சாய்த்துவிடலாம்.

படி 5: காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி

ஓரிரு நாளில் இனிமையான குரலில் ஒருவர் அழைப்பார். பதிவு செய்யும் வாக்குமூலம் கேட்பார், மருத்துவக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் கையெழுத்துக் கேட்பார், சில ஆயிரம் டாலருக்குக் காசோலையும் தருகிறேன் என்பார். எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு வாக்குமூலம் கொடுக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ரிலீஸ் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எந்தக் காயம் வெளிப்பட்டாலும் வழக்கு முடிந்தது முடிந்ததுதான். உங்கள் சொந்த நிறுவனம் வேறு கதை. அதற்கு உடனே தகவல் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் யார் தவறென்று பார்க்காமல் 50,000 டாலர் வரை தரும் நோ-ஃபால்ட் காப்பீட்டுக்கு 30 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

படி 6: வழக்கறிஞரும் காலக்கெடுவும்

ட்ரக் வழக்குகளையே பார்ப்பவரைத் தேடுங்கள். எஞ்சின் கணினிப் பதிவை யார் எடுப்பார், எத்தனை நாளில் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அடுத்தவரிடம் போங்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கே தேடி வரும் ஆளிடம் கையெழுத்துப் போடாதீர்கள். டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் அப்படி ஆள்பிடிப்பது குற்றம். கட்டணம் பொதுவாக வெற்றி பெற்றால் மட்டுமே, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. செலவைக் கழிப்பதற்கு முன்பா பின்பா என்று எழுத்தில் வாங்குங்கள். 3,00,000 டாலருக்குச் சமரசம் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 1,00,000, நிபுணர் மற்றும் நீதிமன்றச் செலவு 20,000, மருத்துவக் காப்பீடும் மருத்துவமனையும் திருப்பிக் கேட்கும் லீன் 60,000 என்றால், கைக்கு வருவது 1,20,000. இந்த லீனைப் பேசிக் குறைக்க முடியும், அதையும் வழக்கறிஞர் செய்ய வேண்டும். உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்குப் பொதுவாக மத்திய வருமான வரி இல்லை; தவறு செய்தவரைத் தண்டிக்கக் கூடுதலாக விதிக்கும் தண்டனை இழப்பீட்டுக்கும், வட்டிக்கும் உண்டு.

வழக்குப் போட டென்னசியில் பொதுவாக 1 வருடம், கலிபோர்னியா, டெக்ஸாஸ், நியூ ஜெர்சியில் 2, நியூயார்க்கில் 3. அரசுத் துறைமீது என்றால் இதைவிட மிகக் குறுகியது. நியூயார்க், நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள்ளும் கலிபோர்னியாவில் 6 மாதத்துக்குள்ளும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

விசா நிலை எதுவானாலும் காயத்துக்கு இழப்பீடு கேட்கலாம். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் ஊர் திரும்ப வேண்டியிருந்தால், கிளம்பும் முன் சிகிச்சை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்து, இனி என்ன சிகிச்சை தேவை என்று எழுதி வாங்கி, ஸ்கேன் படங்களின் நகலையும் எடுத்துக்கொள்ளட்டும். ஊரில் செய்யும் சிகிச்சையின் ரசீதுகளையும் கணக்கில் சேர்க்கலாம். ஒவ்வொன்றிலும் தேதி, மருத்துவரின் கையெழுத்து, எந்தக் காயத்துக்கான சிகிச்சை என்ற குறிப்பு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.